ஓட வழியில்லாத இடத்தில் வேட்டை இல்லை: பாம்பு வளர்க்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் பாம்பு வளர்க்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,



போன மாதம் மார்க்கம் நகரில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். கேக் வெட்டி முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் நிலக்கீழ் அறைக்கு ஓடினார்கள். அந்த வீட்டு மூத்த மகனுக்கு 17 வயது இருக்கும். தன் பால் பைதானுக்குச் சாப்பாடு போடப் போகிறான் என்றார்கள். நானும் இறங்கிப் போனேன். கண்ணாடித் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு வெள்ளைச் சுண்டெலியை வாலில் பிடித்து உள்ளே விட்டான். பத்துப் பன்னிரண்டு கைப்பேசிகள் உயர்ந்தன. எலி ஒரு மூலைக்கு ஓடியது, திரும்பி மற்ற மூலைக்கு ஓடியது, பிறகு தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே குந்தி இரண்டு முன்னங்கால்களாலும் முகத்தைக் கழுவத் தொடங்கியது. பாம்பு அசையவே இல்லை. நான் குனிந்து அதன் கண்ணைப் பார்த்தேன். நீலம் பூத்து, புகை படிந்ததுபோல் இருந்தது. சட்டை கழற்றப் போகிற பாம்பு. அந்த நாட்களில் அதற்குப் பார்வை மங்கல், பசியும் பெரும்பாலும் இராது. ஐந்து நிமிடத்தில் பிள்ளைகளுக்குச் சலித்துவிட்டது. "விடியிறதுக்குள்ள சாப்பிட்டிடும்" என்று சொல்லித் தம்பி மூடியைப் பூட்டினான்.

அந்த எலியை வெளியே எடுக்கச் சொன்னேன். எடுத்தான். நல்ல பிள்ளை. "ஏன் அக்கா?" என்று கேட்டான். படிக்கட்டில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் அல்ல அது. அவனுக்கும், அவனைப்போல் ஆசையாகப் பாம்பு வளர்க்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பதிலை நான் கற்றுக்கொண்டது முத்துவிடம். என் முதல் பால் பைதான் அவன். வீட்டுக்கு வந்து 16 வருடமாகிறது. வாங்கிய இடத்தில், "உயிரோடு போட்டால்தான் தின்னும்" என்று சொல்லித் தந்தார்கள். நானும் அப்படியே போட்டேன். அவன் வந்த இரண்டாவது குளிர்காலத்தில், ஒரு நாள் பின்னேரம், பாதி வளர்ந்த எலி ஒன்றைத் தொட்டிக்குள் விட்டுவிட்டு இரவு வேலைக்குப் போனேன். காலையில் வந்து விளக்கைப் போட்டபோது எலி முத்துவின் மேல் உட்கார்ந்திருந்தது. அவன் தலையை நடுவில் ஒளித்துப் பந்தாகச் சுருண்டு கிடந்தான். முதுகில் இரண்டு விரல் அகலத்துக்குச் செதிலும் தோலும் இல்லை. சதைக்கு நடுவே வெள்ளையாகத் தெரிந்தது எலும்பு என்று எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரமானது.

அந்தக் காலையை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். பந்துபோல் சுருள்வதால்தான் அதற்கு 'பால்' பைதான் என்று பெயரே வந்தது. பயம் வந்தால் தலையைக் காப்பாற்ற அது செய்யும் வேலை அது. ஆனால் அப்படிச் சுருளும்போது முதுகு முழுவதும் வெளியே கிடக்கிறது. ஆபிரிக்கப் புல்வெளியில், ஒரு வளைக்குள், அந்த வித்தை பலிக்கும். மூடிய தொட்டிக்குள் இரவு முழுக்க ஒரு எலியோடு அடைபட்டால் பலிக்காது. எலியையும் நான் குற்றம் சொல்லமாட்டேன். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. கொறிப்பது அதன் பிறவிக் குணம். அதற்கு நான் ஒரு பிடி தீனிகூட வைக்கவில்லை. பசியோடும் பயத்தோடும் இருந்த ஒரு பிராணி, அசையாமல் கிடந்த இன்னொரு பிராணியைக் கடித்தது. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் பூட்டியது நான்.

மிருக வைத்தியர் காயத்தைக் கழுவி மருந்திட்டு, ஊசி மருந்து எழுதித் தந்தார். தையல் போட அங்கே தோலே மிச்சமில்லை. பல மாதம் தினமும் காயம் கழுவினேன். நாலைந்து முறை சட்டை கழற்றிய பிறகுதான் அது மூடியது. இன்றைக்கும் முத்துவின் முதுகில் விரல் வைத்தால் அந்த இடம் மட்டும் செதில் இல்லாமல் வழுவழுவென்று இருக்கும். பாம்புகளுக்கு வைத்தியம் பார்க்கும் எவரிடமும் கேளுங்கள். எலிக்கடியோடு வரும் பாம்பு அவர்களுக்குப் புதிதல்ல. முதுகு மட்டுமல்ல, கண் போன பாம்பும் உண்டு, வாய் கிழிந்து சீழ் பிடித்த பாம்பும் உண்டு.

இனி நீங்கள் சொல்லும் நியாயங்களுக்கு வருகிறேன். அவற்றில் உண்மையும் இருக்கிறது.

முதல் நியாயம், "காட்டில் அது உயிரோடுதானே பிடித்துத் தின்கிறது, அதுதானே இயற்கை?" என்பது. வடமராட்சியில் அம்மம்மா வீட்டு வளவில் பனையோலை அடுக்கி வைத்திருப்பார்கள். சின்ன வயதில் ஒரு மத்தியானம், அந்த அடுக்குக்குள் இருந்து ஒரு எலி பாய்ந்து வர, பின்னாலேயே ஒரு சாரை வந்ததைப் பார்த்தேன். எலி வேலியோரம் ஓடி, கிணற்றடியில் வளைந்து, வாழைக்குக் கீழே இருந்த பொந்துக்குள் மறைந்துவிட்டது. சாரை பொந்து வாசலில் நாக்கை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்றைக்கு எலி தப்பியது. இன்னொரு நாள் சாரை தின்றிருக்கும். எலிக்குக் கால் இருந்தது, பொந்து இருந்தது. சாரைக்கும் வேண்டாமென்றால் விலகிப் போக இடம் இருந்தது. அதனால்தான் அதை வேட்டை என்கிறோம். நான்கு பக்கமும் கண்ணாடி, மேலே பூட்டிய மூடி. அதற்குள் எலியும் ஓட முடியாது, பசியில்லாத பாம்பும் விலக முடியாது. அதற்கு இயற்கை என்று பெயர் வைத்தால் இயற்கையைத்தான் குறைத்துச் சொல்கிறோம்.

காட்டில் பாம்பு உயிருள்ளதை மட்டுமே தின்னும் என்பதும் சரியல்ல. ட்ராவிஸ் டிவோல்ட், ஆரன் க்ரோக்மல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பாம்புகள் செத்த பிராணிகளைத் தின்றதாக அதுவரை பதிவானவற்றையெல்லாம் திரட்டி 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாம் நினைப்பதைவிட அடிக்கடி இது நடக்கிறது என்று அது காட்டியது. அதில் ஆச்சரியமும் இல்லை. பால் பைதானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூட்டை உணரும் குழிகள் அவை. நாக்கு வாசனையைத் திரட்டி வாயின் மேலண்ணத்துக்குக் கொண்டுபோகிறது. எலியின் வாசனையும் உடம்புச் சூடும் கொஞ்சம் அசைவும் இருந்தால் அதற்கு அது சாப்பாடுதான். இந்த மூன்றையும் ஒரு செத்த எலிக்கு நம்மால் கொடுக்க முடியும்.

இரண்டாவது நியாயம், "பாம்பு சுற்றினால் எலி நொடியில் செத்துவிடும், வலிக்கவே நேரமில்லை" என்பது. நன்றாக நடக்கும்போது இது பெரும்பாலும் உண்மை. பாம்பு மூச்சை நெரித்துக் கொல்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். அமெரிக்காவின் டிக்கின்ஸன் கல்லூரியைச் சேர்ந்த ஸ்கொட் போபக் குழுவினர் போவா பாம்புகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு வேறு. பாம்பு இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்த ஓட்டம் குலைந்துபோகிறது, இதயம் தடுமாறுகிறது என்று அளந்து காட்டினார்கள். ஆனால் அது பாம்பு சரியாகப் பிடித்துச் சரியாகச் சுற்றிய பிறகு நடப்பது. பின்பக்கம் கவ்விவிட்டால் என்ன? எலி திரும்பிக் கண்ணைக் கடித்தால் என்ன? பாம்பு ஒரு மணி நேரம் ஏறெடுத்தும் பார்க்காவிட்டால்? அந்த ஒரு மணி நேரமும் பாம்பின் வாசனைக்கு நடுவே அடைபட்டிருக்கும் எலிக்கு நாம் என்ன பதில் சொல்வது? வேகமான சாவு கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று ஒரு உயிரை உள்ளே விடுவது வளர்ப்பவர் செய்யும் வேலையல்ல.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லவேண்டும். பையில் உறைந்து வரும் எலியும் ஒரு காலத்தில் உயிரோடு இருந்ததுதான். நம் கண்ணில் படாததால் அந்தச் சாவு இல்லையென்று ஆகிவிடாது. பாம்பு வளர்ப்பவர் எவரும் கொலையிலிருந்து தப்ப முடியாது. அந்த உயிர் எப்படிப் போகவேண்டும் என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. அதனால்தான் அதைப் பொறுப்போடு செய்யவேண்டும் என்கிறேன்.

தீனி எலிகளைப் பெரும்பாலும் கரியமிலவாயு கொண்டு கொல்கிறார்கள். அந்த வாயு ஒரேயடியாக நிறைந்திருக்கும் பெட்டிக்குள் எலியைப் போட்டால், மூக்கிலும் கண்ணிலும் உள்ள ஈரத்தில் அது அமிலமாகி எரியும். மெல்ல மெல்ல ஏற்றினால் வலி தொடங்குமுன் எலி நினைவிழக்கும் என்பதே நோக்கம். அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்ற வேகத்தைச் சொல்கிறது. பிறந்து சில நாளேயான, மயிர் முளைக்காத 'பிங்கி'க் குட்டிகள் இந்த வாயுவை வெகுநேரம் தாங்கும். அவற்றுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். இந்த முறையிலும் குறை உண்டு என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆகவே எலி வாங்கும் இடத்தில் வெட்கப்படாமல் கேளுங்கள்: "எப்படிக் கொல்கிறீர்கள்?" பதில் சொல்லத் தெரியாதவரிடமும் சொல்ல விரும்பாதவரிடமும் வாங்காதீர்கள். வீட்டில் நீங்களே முயலவும் வேண்டாம். உயிரோடு பிரீசருக்குள் போடுவது, சுவரில் அடிப்பது, தண்ணீரில் அமிழ்த்துவது எல்லாம் சித்திரவதை. தொட்டிக்குள் விடுவதைவிட அவை மோசம்.

இனி, எப்படிப் பழக்குவது?

முத்து முதல் செத்த எலியைத் தின்ன ஒன்பது வாரம் எடுத்தான். ஒவ்வொரு வாரமும் நீட்டுவேன், அவன் முகத்தைத் திருப்புவான், நான் எலியைக் குப்பையில் போட்டுவிட்டு அழுவேன். பிறகுதான் தெரிந்தது, நான் அவசரப்பட்டிருக்கிறேன் என்று. உடம்பு தேறிய பால் பைதான் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில், குறிப்பாகக் குளிர்காலத்தில், தின்னாமல் இருக்கும். தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை பெரிதாக இறங்காதவரை பதற வேண்டாம். எடை இறங்கினால் வைத்தியரிடம் போங்கள்.

எலியின் பருமன் பாம்பின் உடம்பில் மிகப் பருத்த இடத்தின் அளவு இருந்தால் போதும். முதல் நாள் இரவு பிரீசரிலிருந்து எடுத்து, மூடிய பையில், ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மறுநாள் அந்தப் பையை அப்படியே வெந்நீரில் அமிழ்த்துங்கள். கை பொறுக்கும் சூடு, ஏறக்குறைய 40 பாகை செல்சியஸ் போதும். வயிற்றை அழுத்திப் பாருங்கள். நடுவில் கட்டியாக இருந்தால் இன்னும் உறைந்திருக்கிறது. அதை விழுங்கினால் பாம்பு கக்கிவிடும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். ஒரு பக்கம் வெந்து, மறுபக்கம் குளிர்ந்து, வயிறு வெடிக்கும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள்.

பால் பைதான் இரவில் நடமாடும் பிராணி. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் போகட்டும். எலியின் தலையை மட்டும் கடைசியாக ஒருமுறை சூடான நீரில் பிடியுங்கள், பாம்பு அங்கேதான் குறிவைக்கும். நீளமான இடுக்கியால் முதுகுப்பக்கம் பிடித்து, பாம்பின் மறைவிட வாசலில், எலி நடப்பதுபோல் மெல்ல அசையுங்கள். முகத்தில் இடிக்காதீர்கள். கவ்விச் சுற்றினால் கையை எடுத்துவிட்டு அசையாமல் நில்லுங்கள். கவ்வாவிட்டால் வாசலிலேயே வைத்துவிட்டுப் போங்கள். காலையில் இருந்தால் எறிந்துவிட்டு, அடுத்த வாரம் பாருங்கள். தின்ற பாம்பை இரண்டு நாள் தூக்காதீர்கள். தொட்டியின் சூடான பக்கம் 31 பாகைக்குக் குறையாமல் இருக்கட்டும், சூடு இல்லாமல் செரிக்காது.

சில பாம்புகள் உண்மையிலேயே பிடிவாதம் பிடிக்கும். கானா, டோகோ, பெனின் நாடுகளின் காட்டிலிருந்து பிடித்து ஏற்றுமதியான பாம்புகளில் இது அதிகம். பண்ணையில் பிறந்து, செத்த எலி தின்னப் பழகிய குட்டியையே வாங்குங்கள். வாங்குமுன் அது தின்பதை நேரில் காட்டச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பதே பிடிவாதக்காரன் என்றால், அனுபவமுள்ள ஒருவர் முறைப்படி அப்போதுதான் கொன்ற, சூடு ஆறாத எலியிலிருந்து தொடங்குங்கள். அதுவும் பலிக்காமல், பாம்பின் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் சொன்னால் மட்டும், அவர் சொன்னபடி, ஆகச் சிறிய எலியை விடுங்கள். விட்டால் அந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. கால் மணி நேரத்தில் பாம்பு தொடாவிட்டால் எலியை எடுத்துவிட வேண்டும். அந்த வழியை வேறு வழி இல்லாதபோது மட்டுமே எடுக்கலாம். பொழுதுபோக்குக்காக எடுக்க முடியாது.

உங்கள் வீட்டுக்காரர்களையும் யோசியுங்கள். நம் வீட்டு பிரீசரில் ஊர் மீனும் தேங்காய்ப்பூவும் இருக்கும். அதே தட்டில் எலிப் பையை வைத்தால் அம்மா கத்துவதில் நியாயம் இருக்கிறது. உறைய வைத்தால் சால்மொனெல்லாக் கிருமி சாகாது. பாம்புகளிலிருந்தும் தீனி எலிகளிலிருந்தும் அது மனிதருக்குப் பரவுவதைப் பற்றி கனடாவின் பொதுச் சுகாதார முகமையே 2024இல் எச்சரித்திருக்கிறது. முடிந்தால் எலிக்கென்று தனியாக ஒரு குட்டி பிரீசர், இல்லாவிட்டால் இறுக மூடும் தனிப்பெட்டி. இளக்குவதற்குத் தனிக் கிண்ணம். சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவ வேண்டாம். வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் கிட்ட வரவேண்டாம்.

முத்துவைக் கொண்டுவந்த நாளில் என் அம்மா, 'பால் பைதான்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு, "என்ன பிள்ளை, இது பால் குடிக்குமே?" என்று கேட்டார். புற்றுக்குப் பால் வார்த்து வளர்ந்த தலைமுறை. எந்தப் பாம்பும் பால் குடிப்பதில்லை என்று சொன்னபோது அவர் நம்பவில்லை. எலிதான் தின்னும் என்றபோது ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. இன்றைக்கும் வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. அதனால் முத்துவுக்குச் சாப்பாடு சனி இரவில்தான். அம்மா அந்த நேரம் மாடியைவிட்டு இறங்கமாட்டார். ஆனால் மறுநாள் காலையில், "உன்ர பிள்ளை சாப்பிட்டானோ?" என்று கேட்பார். கொல்வதை வெறுக்கும் ஒருவர், அதே மூச்சில் இந்த உயிர் பட்டினி கிடக்கக் கூடாதென்றும் நினைக்கிறார். பாம்பு வளர்க்கும் எல்லாருக்கும் அந்த இரண்டு நினைப்பும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உயிருள்ள எலியைப் பாம்பு தின்பதைப் படம் எடுத்துப் பரப்பாதீர்கள். வந்தாலும் பகிராதீர்கள். அந்தப் பிறந்தநாள் வீட்டில் கீழே நின்ற ஆகச் சின்னப் பிள்ளைக்கு ஆறு வயது இருக்கும். எலி முகம் கழுவியதைப் பார்த்துச் சிரித்தவள், பாம்பைப் பார்த்ததும் அக்காவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பாம்பைப் பற்றி அவள் மனதில் முதலில் பதிவது அந்தக் காட்சியாக இருக்கக் கூடாது. முத்து தண்ணீர் குடிப்பதையும், சட்டையை முழுசாகக் கழற்றிப் போடுவதையும் காட்டினால் அவள் பயம் இல்லாமல் கிட்ட வருவாள்.

செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிசாலைக்கு 1961இல் வந்த ஒரு பால் பைதான் 2020இல் முட்டையிட்டது. அப்போது அதற்கு 60 வயதுக்கு மேல். நீங்கள் இன்று வாங்கும் குட்டி, உங்கள் பிள்ளைகள் படித்து முடிக்கும்வரைகூட உங்களோடு இருக்கலாம். அத்தனை வருடம், ஒவ்வொரு முறையும் ஒரு எலி. அந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மார்க்கத்துத் தம்பி, உன் பாம்பு இதற்குள் சட்டை கழற்றியிருக்கும். அதற்குப் பசி வந்திருக்கும். வருகிற சனி இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வா. வெந்நீர்க் கிண்ணமும் இடுக்கியும் எடுத்து வைத்திருப்பேன். எலியை உன் கையால் இளக்கி, சூடாக்கி, முத்துவின் வாசலில் நீயே நீட்டிப் பார். முதுகில் அந்த வழுவழுப்பான இடத்தையும் காட்டுகிறேன். கைப்பேசியை மட்டும் மேலே அம்மாவிடம் கொடுத்துவிட்டு வா.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் அக்கா